தானம் கொடுத்த மாட்டின் பல்

(ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார் ஒருவர் எழுதும் வாசகர் கேள்வி - பதில் பகுதி)

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் மூடப்பட்டது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதே விஷயம். ஆகவே சினிமாக் கேள்விகளுக்கும் குடும்பத் தகராறுகளுக்கும் ஓர் இதழ் விடுமுறை.

கே.எஸ்., திருச்சி: ஐயா, எங்கள் கல்லூரியில் பட்டிமன்றம். 'ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் உதவுவது கடமையா, கருணையா?' என்பது தலைப்பு. எனக்குக் 'கடமை' அணி. எப்படித் தொடங்கலாம்?

நல்ல அணிதான் கிடைத்திருக்கிறது. எதிரணி என்ன பேசும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "அவரவர் உழைத்துச் சம்பாதித்த பணம், கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் அவரவர் விருப்பம்." சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்ளட்டும். அதன்பின் நீங்கள் எழுந்து ஹைதி நாட்டின் கணக்குப் புத்தகத்தைப் பிரியுங்கள்.

பிரெஞ்சு முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகக் கிடந்தவர்கள் 1791-ல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையையும் விரட்டிவிட்டு, 1804-ல் அமைத்துக்கொண்ட நாடு அது. 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. உங்களை நாடாக ஒப்புக்கொள்கிறோம், எங்கள் தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் எடுத்து வையுங்கள் என்றது பிரான்ஸ். அந்த நஷ்டக் கணக்கில் நிலம் மட்டும் இல்லை, கைவிட்டுப் போன அடிமைகளின் விலையும் சேர்த்திதான். அதாவது, விடுதலை பெற்றவர்கள் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்! முதல் தவணை கட்டவே பாரிஸில் கடன் வாங்கினார்கள். 1838-ல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். இதற்காக வாங்கிய கடன்களின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947-ல். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டின் காப்பிக் கொட்டை வருமானம் இந்த வழியில் போயிருக்கிறது. இதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு யாராவது பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தால் அது கருணையா, பாக்கி வசூலா என்று நடுவரையே கேளுங்கள்.

கதை அங்கே முடியவும் இல்லை. 1980-கள் வரை தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்துக்கொண்ட நாடு ஹைதி. 1995-ல் கடன் கொடுப்பவர்கள் போட்ட நிபந்தனையால் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த மலிவு அரிசி வந்து குவிந்தது. ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கின் நெல் விவசாயி பட்டணத்துக்குக் கூலி தேடிப் போனார். அந்த வரிக் குறைப்பின்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, என் அர்க்கன்சாஸ் மாநிலத்து விவசாயிகள் சிலருக்கு அது நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒரு கையால் உதவிப் பணம், மறு கையால் மலிவு அரிசி. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது விளங்கும்.

எதிரணியில் விவரமான ஆள் இருந்தால், "நார்வே எந்த ஆப்பிரிக்க நாட்டை அடிமைப்படுத்தியது? அதற்கு என்ன கடமை?" என்று மடக்குவார். பதறாதீர்கள். நார்வேயின் செல்வம் வட கடல் எண்ணெயில் வந்தது. எண்ணெய் எரிந்த புகைக்கு எல்லைக்கோடு தெரியாது. 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகப் புகைக் கணக்கில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. இதைச் சொல்லிவிட்டு, நார்வே தன் வருமானத்தில் 1 சதவீத அளவுக்கு உதவிக்குக் கொடுக்கும் நாடு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரணி சொல்வதற்கு முன் நாம் சொன்னால் நடுவருக்குப் பிடிக்கும்.

எம்.ஆர்., தஞ்சாவூர்: அந்தக் காலத்தில் அமெரிக்கக் கோதுமையால்தான் நாம் பிழைத்தோம் என்கிறார் என் மாமனார். அதுதான் நம்மைக் கெடுத்தது என்கிறார் என் மைத்துனர். தீர்ப்பு சொல்லுங்கள்.

மாமனார், மைத்துனர் இருவருக்கும் இடையில் நிற்பது ஆபத்து. ஆனாலும் அந்தக் கோதுமையோடு எனக்குப் பழக்கம் உண்டு.

காமராஜர் காலத்துப் பள்ளி மதிய உணவில் 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பொருட்களும் சேர்ந்தன. மஞ்சள் சோள ரவையில் உப்புமா, பெரிய அண்டாவில் கரைத்த பால் பவுடர். எங்கள் ஆயா பவுடரை வெந்நீரில் கொட்டும்போது கட்டி விழும். அந்தக் கட்டிக்குத்தான் எங்களுக்குள் சண்டை. எண்ணெய் வந்த தகரங்களில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கும். காலித் தகரத்துக்கு மரக்கட்டையில் கைப்பிடி வைத்து, ஊர்க் கிணற்றடியில் பாதிப் பேர் அதில்தான் தண்ணீர் எடுத்தார்கள். பசித்த பிள்ளைக்கு அந்த உப்புமாவின் அரசியல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாமனார் கட்சிக்கு இவ்வளவு.

இனி மைத்துனர் கட்சி. அமெரிக்கத் தானியத்தைச் சலுகையில் வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்த பி.எல். 480 என்ற சட்டம் 1954-ல் வந்தபோது அமெரிக்காவின் கிடங்குகளில் கோதுமை மலை மலையாகத் தேங்கிக் கிடந்தது. உள்ளூரில் விற்றால் விலை விழும், விவசாயியின் ஓட்டும் போகும். அதனால் வெளியே தள்ளினார்கள். நாம் டாலரில் கொடுக்க வேண்டாம், ரூபாயாகவே அவர்கள் கணக்கில் கட்டினால் போதும் என்பது ஏற்பாடு. சௌகரியம்தான். சௌகரியம் கொஞ்ச நாளில் பழக்கமாயிற்று. வெளியிலிருந்து மலிவாக வருகிறதே என்று உள்நாட்டு விவசாயத்தைக் கவனிக்காமல் விட்டோம்.

1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடுங்கள் என்று லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட காலம். 1966-ல் மட்டும் வந்திறங்கிய தானியம் ஒரு கோடி டன் அளவு. அந்த நேரத்தில்தான் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கயிற்றை இறுக்கினார். ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் கிடையாது, மாதக் கணக்கில்தான் கப்பல். வியட்நாம் குண்டுவீச்சைப் பற்றி டில்லி ஏதாவது முணுமுணுத்தால் கப்பல் தாமதமாகும். உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்க, 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பையும் குறைத்தோம். டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு. சாப்பாடு கப்பலிலிருந்து இறங்குகிற நாட்டில் வெளியுறவுக் கொள்கையும் கப்பலில்தான் ஏறி இறங்கும்.

ஆனால் மைத்துனர் ஒன்றை மறந்துவிடுகிறார். அதே அமெரிக்காவிலிருந்து இன்னொன்றும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை. எம்.எஸ். சுவாமிநாதன் அதை இங்கே வயலில் சோதித்துக் காட்டினார். உணவு அமைச்சராக இருந்த நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், கட்சிக்குள்ளேயே பலர் எதிர்த்தும் 1966-ல் 18,000 டன் மெக்சிகோ விதையைக் காசு கொடுத்து இறக்கினார். தன் டில்லி பங்களாவின் புல்தரையை உழுது அதில் கோதுமை போட்டவர் அவர். 1965-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-ல் 2 கோடி டன். 1971-ல் அந்தச் சலுகைக் கோதுமையை வாங்குவதையே நிறுத்தினோம்.

என் தீர்ப்பு இதுதான். கிடங்கு காலியாக வேண்டும் என்று அவர்கள் தள்ளிவிட்ட கோதுமை நம்மை மாதாமாதம் வாசலில் நிற்க வைத்தது. இன்னது வேண்டும் என்று நாம் தேடிப் போய் வாங்கிய விதை, அந்த வாசலுக்கே போக வேண்டாதபடி செய்தது. எந்த நாட்டு உதவியைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது, கேட்டது யார், அவசரம் யாருடையது என்பதைத்தான்.

இலவச இணைப்பாக ஒரு செய்தி: நாம் கட்டிய ரூபாய் அமெரிக்கக் கணக்கில் குவிந்து என்ன செய்வதென்றே தெரியாத நிலை வந்தது. 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். உலகின் மிகப் பெரிய காசோலை என்று அப்போது பேசப்பட்டது. அதே கணக்கு ரூபாயில் 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழ் நூல்களும் கப்பலேறின. நம் ஊர் நூலகத்தில் கரையான் தின்றுவிட்ட நாவல் சிகாகோவில் அட்டை கலையாமல் இருக்கிறது என்றால், உங்கள் மாமனார் தின்ற கோதுமைக்கும் அதில் பங்கு உண்டு.

வாசகர், கரூர்: யூஎஸ்எய்ட் மூடியது நல்லதுதானே? இனிமேலாவது ஏழை நாடுகள் சொந்தக் காலில் நிற்கும்.

சொந்தக் காலில் நிற்கட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் காலைப் பலப்படுத்தாமல் கைத்தடியைப் பிடுங்கினால் ஆள் விழத்தான் செய்வான். 1961-ல் கென்னடி தொடங்கிய அமைப்பு. 2025 ஜனவரி 20 அன்று எல்லா வெளிநாட்டு உதவியையும் நிறுத்தி வைக்கும் ஆணை, மார்ச்சில் 83 சதவீதத் திட்டங்கள் ரத்து, ஜூலை 1-ல் கதவு மூடல். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து வருடத்தில் படிப்படியாகக் குறைக்கிறோம், நீங்கள் தயாராகுங்கள் என்று சொல்லியிருந்தால் நானே ஆதரித்து எழுதியிருப்பேன். 2003-ல் ஜார்ஜ் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் மருந்துத் திட்டத்தை நம்பி ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் தினமும் மாத்திரை விழுங்குகிறார்கள். அதில் இடைவெளி விட்டால் கிருமி மறுபடி தலை தூக்கும்.

கிடங்கு வேலை பார்த்தவன் என்பதால் என்னை உறுத்துவது வேறொன்று. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கிய சத்து பிஸ்கட் துபாய்க் கிடங்கில் இருந்தது. யாருக்கு அனுப்புவது என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒரு பகுதியை எப்படியோ வேறு நாடுகளுக்கு அனுப்பினார்கள். மீதி ஏறக்குறைய 500 டன் காலாவதியாகி, 2025 ஜூலையில் அழிக்க உத்தரவாயிற்று. அழிப்பதற்கும் தனியாகச் செலவு. எங்கள் ரேஷன் கிடங்கில் பத்து மூட்டை அரிசி புழுத்துப்போனாலே மூன்று மெமோ வரும்.

அமெரிக்கர்களிடம் கருத்துக் கணிப்பு எடுத்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அரசுச் செலவில் கால் பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று சராசரி அமெரிக்கர் நினைக்கிறாராம். உண்மையில் போனது நூற்றுக்கு ஒன்று அளவில்தான்.

பி.வி., மதுரை: பணக்கார நாடுகள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நூறு ரூபாயில் எழுபது காசு. அதை எட்டியவை நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான். பிரிட்டன் 2013-ல் எட்டிப் பிடித்து, 2015-ல் சட்டமாகவே எழுதிக்கொண்டு, 2021-ல் 0.5 என்று குறைத்து, 2027-ல் 0.3 ஆக்கப் போகிறோம் என்று அறிவித்திருக்கிறது. மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு. சட்டமெல்லாம் அப்படியே இருக்கிறதாம்.

எஸ்.ஜே., கோயம்புத்தூர்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். முடிந்தால் வாயைத் திறந்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

1980-களில் பிரிட்டனில் வெஸ்ட்லேண்ட் என்ற ஹெலிகாப்டர் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. அதன் 'டபிள்யூ 30' ரகத்தை வாங்குவாரில்லை. அந்த நேரம் பார்த்து இந்தியாவுக்கு 6.5 கோடி பவுண்டு உதவி. அந்தப் பணத்தில் 21 வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. வேண்டாம் என்று நம் அதிகாரிகள் முனகினார்கள். தாட்சர் அம்மையார் விடவில்லை. வந்த ஹெலிகாப்டர்களில் இரண்டு விழுந்து உயிர்கள் போயின. மீதியைப் பறக்கவிடாமல் நிறுத்தி, கடைசியில் பத்து லட்சம் பவுண்டுகூடப் பெறாத விலைக்குத் தள்ளிவிட்டோம். ஆனால் பிரிட்டனின் ஏட்டில் அது இந்திய ஏழைகளுக்குச் செய்த உதவி என்றுதான் பதிவாகியிருக்கும்.

மலேசியாவில் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு கொடுத்த கதை இதைவிட மேல். அணைக்கான உதவியும் ஆயுதக் கொள்முதலும் முடிச்சுப் போட்டு வந்தவை. 1994-ல் லண்டன் நீதிமன்றம் அந்த உதவியே சட்டவிரோதம் என்றது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 'எங்கள் பொருளைத்தான் வாங்க வேண்டும்' என்ற நிபந்தனையை பிரிட்டன் 2001-ல் கைவிட்டது. பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள் அந்த ஊர் ஆட்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டது ஒரு பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு.

வாசகர், சேலம்: எவ்வளவு கொடுத்தாலும் அந்த நாட்டுத் தலைவர்கள் சுருட்டிவிடுகிறார்களே! ஓட்டைப் பானையில் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

ஓட்டை இருப்பது ஊற்றுகிறவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசான ஜைர் நாட்டை 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு, காட்டுக்கு நடுவே தன் மூதாதையர் ஊரில் அரண்மனை கட்டி, கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டுக்கொண்டவர். 1978-ல் பன்னாட்டு நிதியம் எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மானிய அதிகாரியை அந்த நாட்டு மத்திய வங்கிக்குள்ளேயே உட்கார வைத்தது. அவர் ஒரு வருடத்தில் தாங்க முடியாமல் வெளியேறி, 1982-ல் அறிக்கை எழுதினார்: கொடுத்த கடன் திரும்பி வர வாய்ப்பே இல்லை. அறிக்கை வந்த பிறகும் கடன் போய்க்கொண்டுதான் இருந்தது. மொபுட்டு கம்யூனிஸ்டுகளுக்கு எதிரி; அந்த ஒரு தகுதி போதுமானதாக இருந்தது. பணம் அவர் பைக்குப் போனது விபத்து இல்லை, கூலி. ஆனால் அந்தக் கடனின் வட்டி எழுதப்பட்டது காங்கோ மக்கள் பெயரில்.

வாசகி, புதுச்சேரி: எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்கள். உருப்படியாக நடந்த உதவி ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது அம்மா. உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

காலரா வந்தால் ரத்தக் குழாயில் சலைன் ஏற்றியாக வேண்டும் என்றிருந்த காலம். டாக்காவில் 1960-ல் அமெரிக்கப் பணத்தில் ஒரு காலரா ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தாலே பிழைத்துக்கொள்வார்கள் என்று 1968-ல் அங்கே நிரூபணமாயிற்று. மருத்துவ உலகம் லேசில் நம்பவில்லை. 1971 போரில் வங்க அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, பொன்காவ் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி வைத்தார். உறவுக்காரர்களே மொண்டு மொண்டு நோயாளிக்குக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்கு பேருக்கும் கீழே இறங்கியது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. வங்கதேசத்தில் 'பிராக்' என்ற அமைப்பை 1972-ல் தொடங்கியவர் ஃபஸ்லே ஹசன் ஆபெத். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கணக்கு அதிகாரி. லண்டனில் இருந்த தன் வீட்டை விற்று வேலையைத் தொடங்கியவர். 1980-ல் அவர் எடுத்த முடிவு, பாக்கெட்டில் அடைத்து விநியோகிக்க வேண்டாம், ஒவ்வொரு தாய்க்கும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது. தராசு எந்தக் குடிசையில் இருக்கிறது? அதனால் கைதான் அளவு: விரல்களால் அள்ளிய ஒரு பிடி வெல்லம், மூன்று விரல் சிட்டிகை உப்பு, அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஆள் போய், அந்தத் தாய்மார்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, "இப்போது கலந்து காட்டுங்கள்" என்பார். தாய் சரியாகக் கலந்தால் கற்றுக்கொடுத்தவருக்கு முழுக் கூலி. மறந்துவிட்டிருந்தால் கூலி குறையும்.

முப்பத்தைந்து வருடம் அரசு வேலை பார்த்த என் கண்ணுக்கு, உலகத்திலேயே அழகான சம்பள விதி இதுதான். எங்கள் அலுவலகத்தில் இந்த விதி இருந்திருந்தால் பாதிப் பேர் பட்டினி. பத்து ஆண்டில் 1.2 கோடிக் குடும்பங்களுக்கு இது போய்ச் சேர்ந்தது. பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. யோசனையும் ஆட்களும் பரிசோதனையும் உள்ளூர். இதில் எந்தப் பணக்கார நாட்டின் கிடங்கும் காலியாகவில்லை. வெல்லமும் உப்பும் அந்தந்த வீட்டுப் பொருள்.

டி.ஏ., நாகர்கோவில்: சுனாமியின்போது நீங்கள் நாகப்பட்டினத்தில் இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அப்போது வந்த உதவிகள் எப்படி இருந்தன?

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலி. நான் நிவாரணப் பொருட்களை இறக்கி ஏற்றும் பொறுப்பில் இருந்தேன். அந்த மாதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தப் பக்கம் போதாது, ஆகவே துணிகளை மட்டும் சொல்கிறேன்.

லாரி லாரியாக வந்தவை பழந்துணிகள். அரைக்கை கிழிந்த சட்டை, பட்டன் இல்லாத பள்ளிச் சீருடை, குளிர் ஊர்க் கம்பளிக் கோட்டு, ஒற்றைச் செருப்பு, ஜரிகை கறுத்த கல்யாணப் புடவை. அக்கரைப்பேட்டைப் பெண்மணி ஒருவர் முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கம்பளிக் கோட்டைத் தூக்கிப் பிடித்து, "ஐயா, இதைப் போட்டுக்கொண்டு நான் எந்த ஊருக்கு மீன் விற்கப் போவது?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முந்தின வாரம் வரை கடலில் சம்பாதித்து நல்ல துணி உடுத்தியவர்கள் அவர்கள். யாரோ கழித்துப்போட்டதை ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? சாலையோரம் கொட்டிக் கிடந்த துணிமலையை அள்ளுவதற்கு நாங்கள் ஆள் வைத்தோம். மருந்து ஏற்ற வேண்டிய வண்டி துணி அள்ளப் போயிற்று. அவர்கள் கேட்டது சமைக்கப் பாத்திரம், படுக்கப் பாய், உள்ளாடை, பெண்களுக்கு மாதவிலக்குத் துணி, தொலைந்துபோன ரேஷன் கார்டுக்குப் புதியது. இதில் எதுவும் போட்டோவுக்கு அழகாக இருக்காது.

பிறகு படகு வந்தது. உலகமே மீனவருக்குப் படகு கொடுக்க ஆசைப்பட்டது. படகின் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம் அல்லவா? கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு, அதுவும் முன்பு இருந்ததைவிட அதிக எண்ணிக்கையில். சில குப்பங்களில் படகு இருந்தது, கூட வரக் கூலியாள் இல்லை. மீன் மட்டும் பழைய எண்ணிக்கைதான்.

நாடுகளுக்கும் இதையே சொல்வேன். பேரிடர் என்றால் பணமாகக் கொடுங்கள். வாங்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

வாசகர், தூத்துக்குடி: நம் நாட்டிலேயே இத்தனை ஏழைகள் இருக்க, இலங்கைக்கு ஏன் அரிசி அனுப்பினோம்?

2022-ல் கொழும்பில் பெட்ரோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நின்றார்கள், பரீட்சைத் தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது நம் வீட்டு வருமானச் சான்றிதழைத் தேடுவது முறையில்லை. தமிழ்நாடு அறிவித்தது 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள். மதிப்பு 123 கோடி ரூபாய். மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் போயிற்று. தொடக்கத்தில் அங்குள்ள தமிழர்களுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது. தமிழர்களுக்கு என்று பிரிக்காமல் எல்லோருக்குமாக அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் அங்குள்ள தமிழ்த் தலைவர்களே. பசியில் இருந்தவர்கள் சொன்னார்கள், இங்கே கேட்டுக்கொண்டார்கள். நான் மேலே தஞ்சாவூர்க்காரருக்கு எழுதிய சோதனையில் இந்தக் கப்பல் தேறிவிடுகிறது.

ஏ.எச்., ராமநாதபுரம்: உதவியெல்லாம் வேண்டாம், வேலை கொடுத்தால் போதாதா?

உங்கள் மாவட்டத்துக்காரர்தான் இதைக் கேட்க முடியும். 2024-ல் பணக்கார நாடுகள் கொடுத்த அதிகாரப்பூர்வ உதவி மொத்தம் சுமார் 21,200 கோடி டாலர். அதே ஆண்டில் வெளிநாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கும் தங்கள் வீடுகளுக்கு அனுப்பியது சுமார் 68,500 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. துபாய் வெயிலில் கம்பி கட்டுகிறவர் அனுப்பும் பணத்துக்கு ஆலோசகர் சம்பளம் கிடையாது, திறப்பு விழா கிடையாது, அமைச்சர் பெயரில் கல்வெட்டு கிடையாது. நேரே அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. விசா கட்டணத்தையும் பணம் அனுப்பும் கம்பெனிகளின் கமிஷனையும் குறைத்தாலே பல நாடுகள் உதவித் துறையில் பாதியை மூடிவிடலாம். ஆனால் ஓட்டுக் கேட்கும்போது, 'நூறு கோடி கொடுத்தேன்' என்பதைச் சொல்லலாம், 'நூறு பேரை உள்ளே விட்டேன்' என்பதைச் சொல்ல முடியாதே!

வாசகி, விருத்தாசலம்: இவ்வளவு பேசுகிறீர்களே ஐயா, உங்கள் பென்ஷனில் எந்த நாட்டுக்காவது உதவி அனுப்பியது உண்டா?

மாதாமாதம் அனுப்புகிறேன், கனடாவுக்கு. பேத்தி அங்கே படிக்கிறாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டுவதைப் போலப் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். பனிக்காலக் கோட்டு வேறு வாங்கியாயிற்று. கனடா நிதி அமைச்சரிடமிருந்து இதுவரை ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை.